ஏறி இறங்கிய இரைச்சல்

ஊர்க் குப்பையெல்லாம் லாரி லாரியாக வந்து சேரும் அந்த மேட்டில் அவளைப் 'பம்பரம்' என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே வைத்த பெயர் இல்லை அது. நடக்கப் பழகிய வயதில் அவளுடைய அப்பா வைத்தது. பள்ளிக்கூடம், வேலை பார்த்த இடங்கள், புகுந்த வீடு என்று அவள் போன இடத்துக்கெல்லாம் அதுவும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. யாரும் போய்ச் சொல்லிவைக்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாலே எவருக்கும் அதுதான் வாயில் வரும்.

உட்கார்ந்தால் கால் ஆடும். காலை அதட்டி நிறுத்தினால் விரல் தாளம் போடும். சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தபடியே சாப்பிட்டு முடிப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நிற்கவேண்டியிருக்கிறதே என்று மற்றப் பெண்கள் அழுதார்கள். நிற்கத்தான் விடுகிறார்கள், நடக்கவிட மாட்டேன் என்கிறார்களே என்று இவள் அழுதாள். அதை விட்டுவிட்டுப் பார்சல் ஆபீசில் சேர்ந்தாள். மூட்டைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதால் அங்கே மட்டும் கொஞ்சம் அதிக நாள் இருந்தாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவர் குப்பைமேட்டுச் செயின் டிராக்டரின் ஆபரேட்டர். ஆள் கனமான உடம்பு. பேச்சு, நடை, கோபம் எல்லாமே நிதானம். மழை வருகிறது, கொடியில் இருக்கும் துணியை எடுங்கள் என்று அவள் உள்ளேயிருந்து கத்தினால், வெளியே வந்து வானத்தைப் பார்த்துவிட்டு இன்னும் நேரமிருக்கிறது என்பார். சொன்னபடியே நேரமும் இருக்கும். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

அந்த வண்டி அவரைவிட மூத்தது. டயர் கிடையாது; இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலி சுற்ற, முன்னால் ஒரு பெரிய பிளேடால் குப்பையைத் தள்ளி, மேலே மண் போட்டு மூடி, அதன் மேலேயே ஏறி அமுக்கிக்கொண்டு போகும். பெயின்ட் எப்போதோ உதிர்ந்துபோய்த் துருவும் கிரீசும்தான் அதன் நிறம். ஸ்டீயரிங் கிடையாது, எல்லாம் கையால் இழுக்கும் லீவர்கள். எஞ்சின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வலது பக்கம் ஒரு கை உண்டு. த்ராட்டில் கை என்பார்கள். முன்னால் இழுத்தால் வேகம் கூடும், பின்னால் தள்ளினால் குறையும், கடைசிவரை தள்ளிவிட்டால் டீசல் நின்று எஞ்சின் அணைந்துபோகும். கிளப்பச் சாவி உண்டு. அணைக்க அந்தக் கை ஒன்றுதான் வழி.

சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில்தான் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கணவர் ஆற அமரச் சாப்பிட்டு முடிக்கிறவரை சும்மா நிற்க முடியாமல் வண்டியில் ஏறி லீவர்களை அசைத்துப் பார்ப்பாள். ஒருநாள் அவர் வாயில் கவளத்தோடு, "அசைக்கறதுதான் அசைக்கற, ஸ்டார்ட் பண்ணிட்டு அசை" என்றார். வருஷம் திரும்புவதற்குள் மேட்டின் பின்சரிவு முழுவதையும் அவள் ஒருத்தியே சமன்செய்துவிடுவாள் என்கிற நிலைக்கு வந்துவிட்டாள்.

பிறகு அவருக்கு இடுப்பு போனது. குஷன் செத்த சீட்டில் அத்தனை வருஷம் குலுங்கியதில் முதுகெலும்பில் ஏதோ ஒரு வட்டு பிதுங்கிவிட்டதாக டாக்டர் சொன்னார். கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது. மேட்டை நடத்துகிற மேஸ்திரி வேறு ஆள் தேடிப் பார்த்தார். அந்தப் பழைய வண்டியைப் பார்த்ததும் வந்தவர்கள் எல்லாரும் போன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் மேஸ்திரி பம்பரத்தைக் கூப்பிட்டு, அவர் எழுந்து வருகிறவரைக்கும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் வண்டியில் ஏறிவிட்டாள் என்று சொல்வார்கள். அது கொஞ்சம் கூட்டல். கணவரின் பழைய பேன்ட்டை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வருகிற நேரமாவது ஆனது.

ஆரம்பத்தில் கோளாறு ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாரம் போல ஓடிய பிறகு எஞ்சின் சத்தம் நிலையில்லாமல் போனது. த்ராட்டில் கையை ஓர் இடத்தில் வைத்திருப்பாள். சத்தம் தானாக ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். குப்பையைத் தள்ளிக்கொண்டு போகும்போது திடீரென்று தொய்ந்துவிடும். சரி, செத்துவிட்டது என்று கையை இழுத்தால் ஒரே உறுமலாக உறுமிக்கொண்டு பிளேடு குப்பைக்குள் புதைந்துவிடும். கூட வேலை செய்கிறவர்கள் தூரத்தில் நின்று சிரித்தார்கள். வண்டிக்கும் பம்பரம் பிடித்துக்கொண்டது என்றார் மேஸ்திரி. முதல் தடவை அவளும் சிரித்தாள்.

மாலையில் வீட்டுக்கு வந்து கட்டிலின் தலைமாட்டில் நின்றபடியே கணவரிடம் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, சத்தம் ஏறி இறங்குகிறது என்றால் டீசலோடு காற்று போகிறது, பில்டரை மாற்று என்றார். மறுநாள் பில்டரை மாற்றினாள். டீசல் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, நுரை போய்ச் சுத்தமாக டீசல் வருகிறவரை பம்ப் செய்து காற்றை எடுத்தாள். கிளப்பினாள். காலை பூராவும் ஒழுங்காக இருந்த மாதிரி இருந்தது. வெயில் ஏறியதும் பழையபடி ஆரம்பித்தது.

டாங்க் அடியில் சேறு இருக்கும் என்றார். டாங்கைக் காலி செய்து கழுவினாள். மூடியில் காற்றுப் போகிற ஓட்டை அடைத்திருக்கும் என்றார். ஊசியால் குத்தினாள். ஏர் பில்டரில் குப்பைத் தூசி அடைத்திருக்கும் என்றார். அதைத் தட்டியபோது பறந்த தூசியில் அவள் முகமே தெரியவில்லை. த்ராட்டில் கை தேய்ந்து, வைத்த இடத்தில் நிற்காமல் நழுவுகிறதோ என்று அவளுக்கே ஒரு யோசனை வந்தது. கையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தாள். கை கட்டின இடத்தில் அசையாமல் நின்றது. எஞ்சின் மட்டும் ஏறி இறங்கியது.

வீட்டில் அவளோடு இருப்பது கஷ்டமாகிவிட்டது. பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "கவர்னரா இருக்குமோ" என்பாள். பதில் வருவதற்குள் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். திரும்பி வந்து, இல்லை, வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னர் கெட்டது என்றால் எல்லா நேரமும்தானே ஆடும் என்று அவளே சொல்லிக்கொள்வாள். கட்டிலில் மல்லாந்திருந்த மனிதர் கழுத்தை மட்டும் திருப்பித் திருப்பி அவளைப் பார்த்துக் கழுத்தும் பிடித்துக்கொண்டதாகப் புகார் செய்தார்.

நாத்தனாரிடமும் இதே பேச்சுதான். கணவரின் தங்கையான அவள் மேட்டின் வாசலில் லாரிகளை எடைபோடும் எடைமேடையில் உட்கார்ந்திருந்தாள். தகரக் கூரை போட்ட சின்ன அறை, ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி. அண்ணனின் நிதானம் அவளுக்கும் அப்படியே வந்திருந்தது. மத்தியானம் டீ குடிக்க வரும் அண்ணி அந்த அறையின் நாலு சுவரையும் அளந்துகொண்டே பேசுவாள். உட்காருங்க அண்ணி, எடைமேடையில வண்டிதான் ஏறணும், நீங்க நடந்து நடந்து முள்ளு ஆடுது என்பாள் நாத்தனார்.

கடைசியில் பம்பைக் கழற்றிப் பம்புக்கடைக்குக் கொண்டுபோனாள். எஞ்சினுக்கு எவ்வளவு டீசல் போகவேண்டும் என்று அளந்து அனுப்புவது அந்தப் பம்பு. அந்தக் கவர்னரும் அதிலேயே சேர்ந்திருந்தது. பம்புக்கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதைத் தன் மெஷினில் மாட்டி ஓட்டினார். கண்ணாடிக் குழாய்களில் டீசல் ஒரே மட்டமாக ஏறியது. வேகத்தைக் கூட்டினார், குறைத்தார். மட்டம் பிசகவில்லை. அவள் அந்தக் குழாய்களையே பார்த்துக்கொண்டு கால்மாற்றிக் கால்மாற்றி நின்றாள்.

"பம்புல ஒரு குறையும் இல்லைங்க" என்றார் அவர். "ஓட்டுற கை நிலையா இருக்குதான்னு பாருங்க."

அவர் குத்திப் பேசவில்லை. மனதில் பட்டதைச் சொன்னார். ஆனாலும் பம்பை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்த வழியெல்லாம் அவளுக்கு அது காதிலேயே நின்றது.

பம்பை மாட்டினாள். மாற்றமில்லை. அந்த வாரக் கடைசியில் கணவர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, டாக்டர் சொன்னதை மீறி மேட்டுக்கு வந்துவிட்டார். கொஞ்ச நேரம் மட்டும் பார்க்கிறேன் என்றார். மேஸ்திரியும் இன்னொரு ஆளும் கைகொடுத்து ஏற்றிவிட, சீட்டில் மெல்ல உட்கார்ந்தார். கிளப்பினார். பிளேடு நிறையக் குப்பையைத் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். சத்தம் கோடு போட்ட மாதிரி இருந்தது. கொஞ்சம் மந்தமான சத்தம்தான், ஆனால் ஒரே சத்தம்.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இறங்கியதும் அவள் ஏறினாள். பாதித் தூரம் போவதற்குள் எஞ்சின் ஏற ஆரம்பித்தது.

அன்றைக்கு மேஸ்திரிகூடச் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சிரித்திருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பாள். கணவர் வீட்டுக்குள் நுழைந்த பிறகு, கொஞ்சம் பதறாமல் ஓட்டிப் பார் என்று மட்டும் சொன்னார். கோளாறு தன் உடம்பில்தானோ என்கிற சந்தேகம் அப்போதுதான் அவளுக்கு வந்தது. வலது கையைத் தொடையில் அழுத்தி வைத்துக்கொண்டு ஓட்டினாள். லீவர்களைப் பிடிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கை நடுங்காமல் இருந்தது. கையைப் பார்க்கப் பார்க்கக் குதிகால் இன்னும் வேகமாக ஆடியது. எஞ்சினும் இன்னும் மோசமாக ஆடியது. வேலையை விட்டுவிடலாமா என்று நாத்தனாரிடம் கேட்டாள். விட்டுட்டு வீட்டுல என்ன பண்ணுவீங்க அண்ணி, அண்ணன் இன்னும் கட்டில்லதான இருக்காரு, பாவம் இல்லையா என்றாள் நாத்தனார்.

கோடை முற்றிய ஒரு பிற்பகலில் மேட்டின் தெற்குச் சரிவில் தீப்பிடித்தது. குப்பைமேட்டில் தீ புதிதல்ல. அடியில் எப்போதும் ஏதாவது ஒன்று புகைந்துகொண்டுதான் இருக்கும். அன்றைக்குக் காற்று இருந்தது. பிளாஸ்டிக் எரிகிற கறுப்புப் புகை சரிவைத் தாண்டி, கீழே வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த வீடுகளை நோக்கிச் சாய்ந்தது. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாயிற்று என்றும், அது வருவதற்குள் தீக்கும் மற்றக் குப்பைக்கும் நடுவே ஓர் அகலமான பள்ளம் தோண்டி, மண்ணைத் தள்ளித் தீயை மூடவேண்டும் என்றும் மேஸ்திரி ஓடி வந்து சொன்னார். அதைச் செய்ய அங்கே இருந்தது அந்த ஒரு வண்டிதான்.

அவள் மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். ஏறி இறங்கும் எஞ்சினோடு மல்லுக்கட்டிப் பள்ளத்தைத் தோண்டி, ஒரு பக்கத்துத் தீயை மூடிவிட்டாள். அடுத்த பக்கத்துக்கு மண் போதவில்லை. கீழே வாசலுக்குப் பக்கத்தில் கொட்டி வைத்திருந்த மண்ணை எடுக்க, பிளேடைத் தூக்கிக்கொண்டு மண்பாதை வழியாக இறங்கினாள். பாதை நேராக எடைமேடைக்குப் போகும். அறைக்கு முன்னால்தான் திரும்பவேண்டும்.

பாதியில் ஒரு கல்லில் சங்கிலி ஏறி வண்டி தூக்கிப் போட்டது. அவள் விழாமல் இருக்க இரண்டு காலையும் ஊன்றினாள். காலடியில் 'டக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் அலறிக்கொண்டு முழு வேகத்துக்குப் போனது.

த்ராட்டில் கையைப் பின்னால் தள்ளினாள். கொஞ்சம் போய் இடித்துக்கொண்டு நின்றது. எஞ்சின் கேட்கவில்லை. அணைப்பதற்கான வழியும் அந்தக் கைதான். டீசல் குழாயை மூடலாம். அதற்கு இறங்கி வண்டியின் பின்பக்கம் போகவேண்டும், மூடினாலும் குழாயில் மிச்சம் இருப்பது தீருகிறவரை எஞ்சின் ஓடும். கிளட்ச்சை இழுத்தால் சங்கிலி நிற்கும். ஆனால் சுமை போய்விட்ட எஞ்சின் இன்னும் வேகமெடுத்து வெடித்துச் சிதறலாம், இந்தச் சரிவில் தேய்ந்த பிரேக் வண்டியைப் பிடிக்குமா என்பதும் தெரியாது. இதெல்லாம் வரிசையாக யோசித்தது இல்லை. எதிரே ஜன்னலில் நாத்தனாரின் முகம் தெரிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அண்ணி எப்போதும்போல் திருப்பிவிடுவாள் என்று டீ டம்ளரைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேகம் கூடியதும் வலது லீவர் கையோடு வந்துவிடும்போல ஆடியது. திருப்பினால் சரிவில் கவிழும். அவள் பிளேடின் லீவரை முழுக்க அழுத்தினாள். அத்தனை பெரிய இரும்பும் இறுகிய பாதையில் இறங்கி மண்ணைக் கிழித்தது. வண்டி முன்பக்கம் தூக்கிக்கொண்டது. அவள் லீவரை விடவில்லை. மண் பிளேடுக்கு முன்னால் குவிந்து குவிந்து சுவராக எழும்பியது. புகைபோக்கியிலிருந்து தீயின் புகையைவிடக் கறுப்பாகப் புகை வந்தது. சங்கிலி நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றியது, பிறகு அதுவும் முடியாமல் திணறியது. எஞ்சின் இரண்டு தடவை உடம்பைக் குலுக்கிவிட்டு நின்றது.

பிளேடு தள்ளிய மண் எடைமேடை அறையின் படிக்கட்டை மூடியிருந்தது. நாத்தனார் மண்மேல் ஏறி வெளியே வந்தாள். டம்ளர் இன்னும் கையில்தான் இருந்தது. டீ எல்லாம் சேலையில்.

"அண்ணி" என்றாள். நனைந்த சேலையை உதறினாள். பிறகு, "உக்காருங்க" என்றாள்.

பம்பரம் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. டூல் பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தாள். அந்த 'டக்' சத்தம் காலடியிலிருந்துதான் வந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆபரேட்டர் கால் வைக்கும் இடத்தில் ஒரு கனத்த தகடு உண்டு. அதற்கு நாலு போல்ட் இருக்கவேண்டும். இரண்டுதான் இருந்தன; காலியாக இருந்த ஓர் ஓட்டையில் இன்னும் துருவேறவில்லை, அந்த போல்ட் விழுந்து அதிக நாள் ஆகியிருக்காது. அந்த இரண்டின் ஓட்டையும் தேய்ந்து நீண்டிருந்தது. தகட்டின் ஓரத்தில் எப்போதோ ஒட்டுப் போட்டு வெல்டிங் செய்திருந்தார்கள். அந்த ஒட்டு கீழ்ப்பக்கமாகத் தொங்கியது.

தகட்டைக் கழற்றி நிமிர்த்தினாள். அடியில் த்ராட்டில் கையிலிருந்து பம்புக்குப் போகும் ராடு. நடுவில் அதைத் திருப்பிவிடும் ஓர் எல் வடிவத் துண்டு. ஒட்டின் முனை அந்தத் துண்டுக்குப் பின்னால் இறங்கி மாட்டிக்கொண்டு, எஞ்சினுக்கு முழு வேகம் கொடுக்கும் நிலையில் அதைப் பூட்டிப் போட்டிருந்தது. இப்போது தகட்டைத் தூக்கியதும் ராடு தன்பாட்டில் பழைய இடத்துக்குப் போனது. எண்ணெயும் மண்ணும் அப்பிக்கிடந்த அதில் ஓரிடம் மட்டும் வெள்ளிபோலப் பளபளத்தது. ஒருநாள் உரசலில் வருகிற பளபளப்பு இல்லை அது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தகட்டை மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டு நாத்தனாரை மேலே ஏறச் சொன்னாள்.

"எங்க அண்ணி?"

"சீட்டுல உக்காரு. குதிகாலை இங்க வை. இப்ப ஆட்டு, நான் ஆட்டுற மாதிரி."

நாத்தனார் குதிகாலை ஆட்டினாள். பம்பரம் கீழே குனிந்து பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். தகடு இறங்கி ராடை அழுத்தியது, ஏறி விட்டது, இறங்கி அழுத்தியது. ராடின் மறுமுனையில் பம்பின் கை முன்னும் பின்னும் போய் வந்தது.

"இப்ப காலை ஆட்டாம அழுத்தி வெச்சுக்க."

பம்பின் கை ஓரிடத்தில் நின்றது.

அவளுக்குக் கோபம் வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது. பம்புக்காக அழித்த நாட்கள், கழுவின டாங்க், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டின ஓட்டம் எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தன. தன் உடம்பில்தான் கோளாறு என்று நினைத்தது முழுக்கப் பொய்யும் இல்லை, முழுக்க உண்மையும் இல்லை. இதில் எதற்குச் சிரிப்பது என்று தெரியாமல் நின்றபோது, மேட்டிலிருந்து மேஸ்திரி கையை வீசிக் கத்துவது கேட்டது. தீ பள்ளத்தை நெருங்கியிருந்தது.

போல்ட் தேட நேரமில்லை. தகட்டைத் தூக்கி எடைமேடையின் ஓரமாகப் போட்டாள். வெறும் சட்டத்தின் இரண்டு இரும்பிலும் பக்கத்துக்கொரு காலாக வைத்துக்கொண்டு கிளப்பினாள். காலுக்கு நடுவே எல்லாம் திறந்து கிடந்தது. எஞ்சினின் அனல் நேராக முகத்தில் அடித்தது. ராடு தன் வேலையைச் செய்வது கண்ணெதிரே தெரிந்தது. த்ராட்டில் கையை இழுத்தாள். சத்தம் ஏறி, வைத்த இடத்தில் நின்றது. குதிகால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டுதான் இருந்தது. எஞ்சின் அதைச் சட்டை செய்யவில்லை.

அறையின் படிக்கட்டை மூடியிருந்த மண்ணையே முதலில் அள்ளிக்கொண்டு மேலே போனாள். தீயணைப்பு வண்டி வந்தபோது இரண்டாவது பக்கமும் மூடியாகிவிட்டது. அவர்கள் நின்று தண்ணீர் அடித்தார்கள். அவள் பொழுது சாய்கிறவரை மண் தள்ளிக்கொண்டிருந்தாள். வீடுகளின் பக்கமிருந்து வேலியோரம் வந்து நின்று பார்த்தவர்கள், வண்டி ஓட்டுவது யார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். புகையில் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனபோது செய்தி அவளுக்கு முன்னால் போயிருந்தது. கணவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். உள்ளங்கால் கொப்புளித்திருந்தது, அவள் அதோடு முன்னும் பின்னும் நடந்தபடியே தகட்டைப் பற்றிச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"அது கொஞ்சம் ஆடும்" என்றார். "கடகடன்னு சத்தம் போடும். நான் பூட்ஸை அதுமேல அழுத்தி வெச்சுக்குவேன்."

அவள் நடப்பதை நிறுத்தினாள். "ஏன் சொல்லல?"

"அது ஒரு விஷயம்னே எனக்குத் தோணல. காலை வெச்சா நின்னுடும். எப்பவும் வெச்சுக்கிட்டேதான் இருந்தேன்."

"வண்டி மந்தமா இழுக்குதுன்னு சொல்வீங்களே, அது உங்க கால்தான்."

அவர் அதை யோசித்தார். அப்படித்தான் இருக்கும் என்று ஒத்துக்கொண்டார். அவள் எதையாவது தூக்கி எறியலாமா என்று சுற்றிப் பார்த்தாள். கைக்குக் கிடைத்தது தலையணைதான், அதையும் அவர் முதுகுக்கு வைத்திருந்தார். அன்றிரவு அவள் அவரோடு பேசவில்லை. அவர் பாவம்போல அவளுடைய காலுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்.

பிறகு தகட்டின் ஒட்டை அறுத்து எடுத்து, நாலு புது போல்ட் போட்டு, அடியில் கனமான வாஷர்கள் வைத்து உயர்த்தி மாட்டினார்கள். மேஸ்திரி தன் கையாலேயே அந்த போல்ட்டுகளை இறுக்கினார். மன்னிப்பு என்று வாயால் கேட்கிற மனிதர் இல்லை அவர்.

மழைக்காலம் தொடங்கும்போது கணவருக்கு உடம்பு தேறிவிட்டது. டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றார். வண்டி அவருடையது, வேலை அவருடையது. அவள் சாவியைக் கொடுத்தாள். முதல் நாள் அவர் ஓட்ட, அவள் கீழே நின்று லாரிகளுக்கு வழிகாட்டினாள். லாரிகள் வராத நேரத்தில் மேட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். சில நாள் இப்படியே போனது. ஒருநாள் மத்தியானம் அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"இடுப்பு வலிக்குதா?" என்று ஓடி வந்து கேட்டாள்.

"இடுப்பு நல்லாத்தான் இருக்கு. நீ குறுக்கும் நெடுக்குமா நடக்கறதைப் பாத்துக்கிட்டு என்னால ஓட்ட முடியல. தலை சுத்துது. எங்கயாவது ஒரு வண்டி பாத்து ஏறு."

கேலியாகத்தான் சொன்னார். அவளுக்கு அது கேலியாகப் படவில்லை. அடுத்த நாளே பம்புக்கடைக்குப் போய், பழைய செயின் வண்டி வைத்துக்கொண்டு ஆள் கிடைக்காமல் இருக்கிறவர்கள் யாராவது உண்டா என்று கேட்டாள். பம்புக்கடைக்காரர் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். தகட்டு விவகாரம் அவர் காதுக்கும் போயிருந்தது. ஊருக்கு அந்தப் பக்கம் மீன்குட்டை வெட்டுகிற இடத்தில் ஒன்று சும்மா கிடக்கிறது, த்ராட்டில் கையை எவ்வளவு இழுத்தாலும் வேகமே எடுக்கவில்லையாம், மூன்று மெக்கானிக் பார்த்துவிட்டார்கள் என்றார். பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டார்.

"இழுக்கறப்ப புகை வருதாமா, வரலையாமா?" என்று கேட்டாள் அவள்.

அதைக் கேட்கவில்லையே என்றார் அவர். போனில் கூப்பிட்டுக் கேட்டார். வரவில்லையாம். புகை வரவில்லை என்றால் டீசலே போய்ச் சேரவில்லை. கை இழுப்பது பம்புவரைக்கும் போகிறதா, இல்லை டீசல்தான் வழியில் எங்காவது மாட்டிக்கொண்டிருக்கிறதா? அதற்குள் அவள் மனதில் அந்த வண்டியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். ஸ்டாப்பில் உட்கார இடம் இருந்தது. நாலைந்து பேர் உட்கார்ந்துமிருந்தார்கள். பஸ் இப்போது வந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் சாலையை எட்டி எட்டிப் பார்த்தாள். பிறகு, வரட்டும், வழியில் ஏறிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்டாப்பை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.